மெழுகும் அரமும்

சாக்ஸபோன் என்றதும் நமக்கு அதன் வளைவுதான் கண்ணுக்குள் வரும். ஆனால் அதைப் பழுது பார்ப்பவர்களுக்கு அது வளைவு அல்ல, துளைகள். ஒரு ஆல்டோ சாக்ஸபோனின் பித்தளை உடம்பில் இருபதுக்கும் மேற்பட்ட துளைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு மூடி, மூடிக்குள் தோல் போர்த்திய வட்டமான பேடு. விரல் அழுத்தும்போது பேடு துளையின் விளிம்பில் போய் உட்கார வேண்டும். ஒரு காகிதத்தின் கனம் இடைவெளி இருந்தாலும் போதும், காற்று கசியும். கசிந்தால் அந்தத் துளைக்குக் கீழே உள்ள சுரங்கள் எல்லாம் நோய் கண்ட மாதிரி ஆகிவிடும். வாசிப்பவர் எவ்வளவு ஊதினாலும் கீழ் சுரம் பேசாது. ஆக, வாத்தியத்தின் உயிர் அந்த விளிம்பில் இருக்கிறது.

அமெரிக்காவின் எல்கார்ட் நகரில் இருந்த சி.ஜி.கான் நிறுவனம் இந்த விளிம்பில் ஒரு விசித்திரத்தைச் செய்தது. மற்றவர்கள் துளையின் விளிம்பைத் தட்டையாக, கூராக வெட்டி விட்டபோது, கான் அதை வெளிப்பக்கமாகச் சுருட்டியது. சட்டைக் கையை மடித்துவிடுவது போல. பேடு கூரான விளிம்பில் உட்காராமல் உருண்டையான விளிம்பில் உட்காரும், அதனால் தோல் அறுபடாது, நன்றாக மூடும், நெடுநாள் உழைக்கும் என்பது அவர்கள் வாதம். 1930களில் வந்த அவர்களுடைய 6எம் என்ற ஆல்டோவில் இந்தச் சுருட்டு விளிம்பு உண்டு. கழுத்தில் ஒரு திருகு வளையம் உண்டு. மவுத்பீஸை முன்னும் பின்னும் நகர்த்தாமல் வளையத்தைத் திருகியே சுருதி சேர்க்கலாம். மேல் ஸ்தாயிக்கான சாவி கழுத்துக்கு மேலே போகாமல் அடியில் ஓடும். சார்லி பார்க்கர் 1940களில் வாசித்த ஆல்டோக்களில் 6எம் உண்டு. அந்தப் பத்தாண்டின் இறுதிவாக்கில் கான் நிறுவனமே சுருட்டு விளிம்பைக் கைவிட்டுவிட்டது.

இனி பிரச்சினைக்கு வருவோம். எழுபது எண்பது வருஷத்தில் பித்தளை உடம்பு ஒரு தடவையாவது கீழே விழுந்திருக்கும், அடி வாங்கியிருக்கும். துளையின் விளிம்பு மேடு பள்ளமாகியிருக்கும். சாதாரண விளிம்பு என்றால் அரத்தை வைத்து லேசாக ராவிச் சமன் செய்துவிடலாம். சுருட்டு விளிம்பில் அது முடியாது. ராவினால் சுருட்டலின் முதுகு தேயும், இன்னும் ராவினால் சுருட்டலே அறுந்து போகும். அப்புறம் அதைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை. சரியான வழி என்பது தாழ்ந்த இடத்தைக் கருவி கொண்டு மெல்ல மெல்லத் தூக்கி நிமிர்த்துவது. நேரமும் பொறுமையும் பிடிக்கும், கை பழகியிருக்க வேண்டும். அரமோ அஞ்சு நிமிஷ வேலை.

பார்ப்பதற்கு இது பட்டறைக்குள் தீர்ந்துபோகிற ஒரு தொழில்நுட்ப விஷயம். ஆனால் இதற்குள் ஓர் அறக்கேள்வி உட்கார்ந்திருக்கிறது. நமக்கு முன்னால் இருந்தவர்கள், வேறு கைகளுக்காக, வேறு தேவைக்காகச் செய்துவைத்த ஒன்று நம் கைக்கு வருகிறது. அது நமக்குச் சரியாகப் பொருந்தவில்லை. அதை நமக்கேற்ப மாற்ற நமக்கு எந்த அளவுக்கு உரிமை இருக்கிறது?

ஒரு ஆளைக் கற்பனை செய்துகொள்வோம். பரமக்குடிக்கும் ராமநாதபுரத்துக்கும் நடுவில் இருக்கும் நயினார்கோவில் பக்கத்துப் பையன். வானம் பார்த்த பூமி, கருவேலங்காடு, வைகையில் தண்ணி வந்தால் உண்டு வராவிட்டால் இல்லை. கல்யாணம், காதுகுத்து, சாமி ஊர்வலம், சாவு என்று பேண்டு செட்டில் போய் வாசிக்கிறான். வாசிப்பதை நிறுத்திவிட்ட ஒரு பெரியவரிடமிருந்து அவனுக்கு ஒரு பழைய ஆல்டோ கிடைக்கிறது. சுருட்டு விளிம்பு வைத்த பழைய கான். கீழ் சுரம் பேசவில்லை. பட்டறைக்குக் கொண்டுபோகிறான்.

“ரெண்டு இழுப்பு இழுத்தா சரியாயிரும் தம்பி.”

“இழுத்தா என்ன ஆகும்ண்ணே?”

“என்ன ஆகும்? பேசும். அவ்வளவுதான். முகூர்த்தம் என்னைக்கு?”

“நாளன்னைக்கு.”

இந்த இடத்தில் அவனுக்கு நாம் என்ன சொல்வோம்?

இரண்டு பதில்கள் உடனே வாயில் வரும். ஒன்று, “பொருள் அவனோடது, என்ன வேணா செய்யட்டும்.” இன்னொன்று, “ஐயோ, அது எவ்வளவு அரிய பொருள், தொடவே கூடாது, கண்ணாடிப் பெட்டிக்குள்ள வை.” இரண்டும் ஒரே தவறைச் செய்கின்றன. இரண்டுமே வாத்தியத்தை ஒருவருடைய சொத்தாக மட்டும் பார்க்கின்றன. முதல் பதிலில் அது இப்போது வைத்திருப்பவனின் சொத்து, இரண்டாவதில் அது சேகரிப்பாளரின் சொத்து. முதலாவதில் நாளை வாசிக்கப் போகிறவன் இல்லை. இரண்டாவதில் வாசிப்பு என்பதே இல்லை. ஊதாத சாக்ஸபோன் வெறும் பித்தளை. பேடு காய்ந்து, கம்பிச் சுருள் துருப்பிடித்து, அது பெட்டிக்குள்ளேயே செத்துப்போகும்.

அப்படியானால் மூன்றாவது பதில் எங்கே இருக்கிறது? அதை வாத்தியத்திடமே கேட்கலாம் என்று தோன்றுகிறது.

பேடு மூடிக்குள் எதனால் ஒட்டப்பட்டிருக்கிறது தெரியுமா? வழக்கமாக அரக்கால். நம் காடுகளில் மரக்கிளைகளில் சின்னப் பூச்சிகள் கசியவிடும் அதே அரக்கு. ஒரு காலத்தில் உலகத்துக்கே அரக்கை அதிகமாக அனுப்பியது இந்தியாதான். அரக்கின் குணம் என்ன? சூடு காட்டினால் இளகும், ஆறினால் இறுகும், மறுபடி சூடு காட்டினால் மறுபடி இளகும். பேடு கோணலாக உட்கார்ந்தால் மூடியைச் சூடாக்கித் திருப்பி உட்காரவைக்கலாம். தேய்ந்தால் கழற்றிப் புதிது வைக்கலாம். தோல், கம்பளி, தக்கை, கம்பிச் சுருள் எல்லாமே தேய்வதற்கென்றே வைக்கப்பட்டவை. உடம்பும் துளை விளிம்பும் அப்படி அல்ல. எதை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது என்ற கோட்டை வாத்தியம் தன் உடம்பிலேயே கிழித்து வைத்திருக்கிறது.

நாகஸ்வரத்திலும் அந்தக் கோடு இருக்கிறது. சீவாளி தேயும், பிளக்கும், மாறிக்கொண்டே இருக்கும். வித்வானின் நாகஸ்வரத்தில் ஒரு கொத்தாகச் சீவாளிகள் தொங்குவதைப் பார்த்திருப்போம். விரல் வைக்கும் துளைகள் ஏழு. அவற்றுக்குக் கீழே விரலே படாத துளைகள் சில உண்டு, பிரம்மசுரங்கள் என்பார்கள். சுருதி சரியாக நிற்க அவற்றில் மெழுகு வைத்து அடைப்பார்கள். கொஞ்சம் கூட, கொஞ்சம் குறைய. நாளைக்கு வேறு ஒருவர் வாசித்தால் அவர் தன் மூச்சுக்கு ஏற்ப மெழுகை எடுத்துவிட்டு வேறு அளவில் வைத்துக்கொள்வார். மரத்துக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

மெழுகு ஒரு மாற்றம்தான். அது சுருதியையே மாற்றுகிறது, சின்ன விஷயமல்ல. ஆனால் திருப்பி எடுக்கக்கூடிய மாற்றம். அரம் அப்படி இல்லை. அரம் தொட்ட இடத்தில் அடுத்தவருக்கு எதுவும் மிச்சமில்லை.

கோயிலிலும் இதைப் பார்க்கலாம். நயினார்கோவிலில் நாகநாதசுவாமி, சௌந்தரநாயகி. எந்தச் சிவன் கோயிலிலும் போல, பீடத்தையும் மூர்த்தியையும் சேர்த்துப் பிடித்திருப்பது அஷ்டபந்தனம். எட்டுப் பொருள்களை இடித்து இளக்கிய மருந்து. அதில் கொம்பரக்கும் தேன்மெழுகும் உண்டு. காலப்போக்கில் அது காய்ந்து வெடிக்கும் என்று தெரிந்தேதான் வைக்கிறார்கள். அதனால்தான் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கும்பாபிஷேகம் என்ற வழக்கம். பழைய மருந்தைச் சுரண்டி எடுத்துப் புதிதாகச் சாத்துவார்கள். கல் அப்படியே இருக்கும், இணைப்பு மட்டும் புதுப்பிக்கப்படும்.

அதே கும்பாபிஷேகத்தின் பேரில்தான் தமிழ்நாட்டில் பல கோயில்களில் மணல்வீச்சும் நடந்தது. அழுத்தமான காற்றோடு மணலைக் கல்மேல் அடித்து, எண்ணெய்ப் பிசுக்கையும் சுண்ணாம்பையும் போக்கி, தூணைப் பளிச்சென்று ஆக்குவது. பிசுக்கோடு சேர்ந்து கல்வெட்டு எழுத்துகளும் சிற்பத்தின் மூக்கு நுனியும் தேய்ந்து போயின. அதைத் தடை செய்ய வேண்டியிருந்தது. செய்தவர்கள் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. கோயில் சுத்தமாக, புதுசாக இருக்க வேண்டும் என்றே செய்தார்கள். பட்டறை அண்ணனும் அப்படித்தான், பையன் முகூர்த்தத்துக்கு வாசிக்க வேண்டும் என்றே அரத்தை எடுக்கிறார். நல்ல எண்ணம் அரத்தின் கூர்மையைக் குறைப்பதில்லை.

சரி, இதற்கு எதிராக ஒரு வலுவான வாதம் இருக்கிறது. மாற்றாமல் எந்தக் கலையும் வாழ்ந்ததில்லை. சாக்ஸபோனே அதற்குச் சாட்சி இல்லையா?

கத்ரி கோபால்நாத்தை எடுத்துக்கொள்வோம். 1949இல் தட்சிண கன்னட மாவட்டத்தில் பிறந்தவர். அப்பா நாகஸ்வர வித்வான். மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைக் கேட்டு மயங்கியவர். அந்த மயக்கத்துக்குப் பௌதிகக் காரணமும் உண்டு. இரண்டு வாத்தியங்களின் உட்குழாயும் மேலே குறுகிக் கீழே விரியும் கூம்பு. அழுத்தி ஊதினால் இரண்டுமே அடுத்த ஸ்தாயிக்குத் தாவும். நேர்க்குழாயான கிளாரினெட் அப்படித் தாவாது. அது ஸ்தாயியையும் தாண்டி மேல் ஐந்தாவது சுரத்துக்குப் போய்விடும். நாகஸ்வரக்காரர் வீட்டுக் காதுக்கு சாக்ஸபோன் தூரத்துச் சொந்தம் மாதிரிக் கேட்டிருக்கும். ஆனால் நாகஸ்வரத்தில் விரல் துளையின் மேல் நேராகப் படும். பாதி திறக்கலாம், வழுக்கலாம், கமகம் விரல் நுனியில் பிறக்கும். சாக்ஸபோனில் விரலுக்கும் துளைக்கும் நடுவே சாவி. அது திறக்கும் அல்லது மூடும். இடைப்பட்ட நிலை அதற்கு இயல்பல்ல. கோபால்நாத் வருஷக்கணக்காக அதோடு போராடினார். சாவிகளிலும் பேடுகளிலும் தனக்கேற்ற மாற்றங்களைச் செய்துகொண்டார். 1994இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் பிபிசி நடத்தும் பிராம்ஸ் விழாவில் வாசித்தார். அதே வருஷம் ‘டூயட்’ படம் வழியாகத் தமிழ்நாட்டின் டீக்கடைகளுக்கும் அந்தச் சத்தம் வந்து சேர்ந்தது. வாத்தியத்தைத் தொடாதே என்று அவரிடம் யாராவது சொல்லி அவர் கேட்டிருந்தால் நமக்கு இது எதுவும் கிடைத்திருக்காது.

இந்த வாதத்தை மறுக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் நம் மண்ணில் வாத்தியங்கள் எப்படி மாறின என்று கொஞ்சம் கவனமாகப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் வயலினை நம் சங்கீதத்துக்குக் கொண்டுவந்தவர். வயலினின் உடம்பில் என்ன மாறியது? ஒன்றுமில்லை. தரையில் உட்கார்ந்து அதன் தலையைக் காலில் ஊன்றிக்கொண்டோம், தந்திகளை ச-ப-ச-ப என்று சேர்த்தோம். தந்தியைப் பழையபடி சேர்த்தால் அடுத்த நொடி அது பழைய வயலின். மாண்டலின் உ.ஸ்ரீநிவாஸுக்கு இரட்டைத் தந்தி மாண்டலின் போதவில்லை. ஐந்து ஒற்றைத் தந்திகள் கொண்ட மின் மாண்டலினை அவர் தனதாக்கிக்கொண்டார். குட்டையான திமிரி நாகஸ்வரத்தின் உயர்ந்த சுருதி டி.என்.ராஜரத்தினம் பிள்ளைக்குப் போதாதபோது, நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆச்சாரி நீளமான பாரி நாகஸ்வரத்தைப் புதிதாகக் கடைந்து கொடுத்தார். திமிரியை யாரும் உடைக்கவில்லை. கோபால்நாத் கைவைத்ததாகச் சொல்லும் பேடும் சாவியும்கூடக் கழற்றி மாட்டக்கூடியவை.

ஆக, பெரிய மாற்றங்களைச் செய்தவர்கள் பெரும்பாலும் மெழுகு வழியில் போனார்கள், அல்லது பழையதை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்றைச் செய்தார்கள். புதுமைக்கு அரம் தேவை என்பது நாமே கட்டிக்கொண்ட நம்பிக்கை.

இன்னொரு எதிர்ப்பும் வரலாம். வாத்தியம் பிறந்ததே வெட்டித்தானே? அடோல்ஃப் சாக்ஸ் 1846இல் பாரிஸில் காப்புரிமை வாங்கியபோது அது வானத்திலிருந்து இறங்கிய வடிவம் இல்லை. சுருட்டு விளிம்பைச் செய்த கம்பெனியே அதை வேண்டாம் என்று விட்டுவிட்டது. அதில் என்ன புனிதம் இருக்கிறது?

புனிதம் எதுவும் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். சுருட்டு விளிம்பு மற்ற விளிம்பைவிட உயர்ந்தது என்றுகூட நான் சொல்ல வரவில்லை. திருப்பி எடுக்க முடியாத மாற்றத்தில் நான் தயங்குவதற்குக் காரணம் நம் அறியாமை. ஒன்று குறையா குணமா என்று இன்றைய தேவையை மட்டும் வைத்து நமக்குத் தெரியாது.

பழைய அமெரிக்க சாக்ஸபோன்கள் சிலவற்றில் ‘ஹெச்’ என்றும் சிலவற்றில் ‘எல்’ என்றும் முத்திரை இருக்கும். உயர் சுருதி, தாழ் சுருதி. தாழ் சுருதி என்பது இன்று உலகம் முழுக்கப் பழக்கத்தில் உள்ள 440. உயர் சுருதி சுமார் 457. வித்தியாசம் அரைச்சுரத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. மவுத்பீஸை எவ்வளவு வெளியே இழுத்தாலும் சரிக்கட்ட முடியாது, சுரங்களுக்குள் இருக்கும் உறவே கெட்டுவிடும். அதனால் பழைய சாக்ஸ் வாங்குகிறவர்கள் ‘ஹெச்’ முத்திரையைப் பார்த்தாலே ஓடுவார்கள். மேற்கத்திய இசைக்குழுவில் அதற்கு இடமில்லை. ஆனால் அந்த வாத்தியத்தில் என்ன கோளாறு? அதன் சுரங்கள் தமக்குள் ஒழுங்காகத்தான் இருக்கின்றன. உலகம் தன் எண்ணை மாற்றிக்கொண்டது, அவ்வளவுதான். நம் கச்சேரியிலோ 440 என்ற எண்ணுக்கு அதிகாரமே கிடையாது. பிரதான வித்வானின் சுருதி எதுவோ அதற்குத் தம்புராவும் வயலினும் சேரும், மிருதங்கமும் தன்னால் முடிந்தவரை வரும். அமெரிக்காவில் கழிவு என்று தள்ளப்பட்ட ஹெச் ஆல்டோ நயினார்கோவில் மண்டபத்தில் சுருதிப்பெட்டியைக் கொஞ்சம் திருகினால் முழு வாத்தியம். குறை என்று நாம் சொல்வது பல நேரம் பொருளுக்குள் இருப்பதில்லை. பொருளுக்கும் அதை வைத்திருக்கும் சபைக்கும் நடுவில் இருக்கிறது. சபை மாறும். அரம் போட்ட விளிம்பு மாறாது.

நயினார்கோவில் என்ற பேரிலேயே இதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. வாய் பேசாத ஒரு இஸ்லாமியப் பெண் இந்தத் தலத்துக்கு வந்து பேச்சு வரப்பெற்றாள், சாமியை நயினார் என்று அழைத்தாள், அதனால்தான் இந்தப் பேர் என்று ஊரில் ஒரு கதை சொல்வார்கள். வரலாறாக அதை நான் சொல்லவில்லை. ஆனால் சொல்லைப் பாருங்கள். நயினார் என்றால் தலைவர். சிவனுக்கும் அந்தப் பேர், தமிழ் முஸ்லிம்களிடமும் நயினார் முகமது என்று அந்தப் பேர். ஒரு சொல் இரண்டு வாய்களில், இரண்டு வழிபாடுகளில், யாரும் ராவிச் சமன் செய்யாமலே பொருந்தி நிற்கிறது. ஒருவர் தனக்கு மட்டும் பொருந்தும்படி அதைத் தேய்த்திருந்தால் மற்றவருக்கு இடம் இருந்திருக்காது.

இப்போது மீண்டும் அந்தப் பையன். இவ்வளவு நேரம் பேசியதெல்லாம் அவனுக்குச் சோறு போடுமா? நாளன்னைக்கு முகூர்த்தம். வாசித்தால் கூலி, வாசிக்காவிட்டால் அந்தச் சீசன் முழுக்க வேறு ஆள் வைத்துவிடுவார்கள். அறம் பேசுவது நமக்குச் சுலபம். விலை கொடுப்பது அவன்.

இங்கேதான் பழையதைப் பாதுகாக்கச் சொல்லும் எல்லாப் பேச்சும் சறுக்குகிறது. பழைய ஓட்டு வீட்டை இடிக்காதே என்று அதில் ஒழுகலுக்கு நடுவே குடியிருப்பவரிடம் சொல்கிறோம். பழைய நெல்லையே போடு என்று கடன் வாங்கி விதைக்கும் விவசாயியிடம் சொல்கிறோம். பாதுகாப்பின் பெருமை நமக்கு, செலவு அவர்களுக்கு. அப்படிச் சொல்பவருக்கு அறிவுரை சொல்லும் தகுதி இருக்கிறதா என்பதே எனக்குச் சந்தேகம்.

எனவே அந்தக் கோட்டை இப்படிப் போட்டுப் பார்க்கிறேன். திருப்பி எடுக்கக்கூடிய மாற்றத்துக்கு யாரிடமும் அனுமதி வேண்டாம். அரக்கைத் தாராளமாக வைத்து, மேடு பள்ளத்துக்கு ஏற்பப் பேடை மிதக்கவிட்டு உட்காரவைக்கப் பார்க்கலாம். ஒரு சாயங்கால வேலை. முகூர்த்தத்துக்குத் தாங்கினாலும் தாங்கும். அது போதவில்லை என்றால், விளிம்பை நிமிர்த்தத் தெரிந்த கைக்கு வாத்தியம் போய் வரும்வரை அவனுக்கு வாசிக்க வேறொரு வாத்தியம் வேண்டும். அதைக் கொடுக்க வேண்டியது யார்? அரம் போடாதே என்று சொல்கிறவர்தான். அவன் செட்டின் முதலாளி, வாத்தியத்தின் அருமை தெரிந்த ரசிகர், இதைப் படித்துவிட்டு “அச்சச்சோ” என்கிற நாம். கையில் இன்னொரு வாத்தியத்தோடு போய்ச் சொன்னால் அந்தச் சொல்லுக்கு எடை உண்டு. வெறுங்கையோடு சொன்னால் அது உபதேசம்.

யாரும் கொடுக்கவில்லை, நேரமும் இல்லை, அவன் அரம் போட்டுவிட்டான் என்றால்? அவனைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் ‘சரி பண்ணியாச்சு’ என்ற சொல்லையும் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒன்று போய்விட்டது, போனது அவனால் மட்டும் போகவில்லை என்று சொல்வேன். ஏழ்மை ஒரு செயலை மன்னிக்கும். இழப்பை இல்லாமல் ஆக்காது. இந்த இரண்டையும் ஒரே சமயத்தில் மனதில் வைத்திருப்பது கஷ்டம்தான். மன்னிப்பதற்காக இழப்பை மறக்கிறோம், இழப்பைச் சொல்வதற்காக மனுஷனை மறக்கிறோம்.

நம் கைக்கு வரும் எதுவும், மொழி, வீடு, சடங்கு, வாத்தியம் எதுவானாலும், நம்மோடு முடியப்போவதில்லை என்றால் அதை எப்படி வைத்துக்கொள்வது என்பதற்கு என்னிடம் இருப்பது இந்த ஒரு அளவுகோல்தான். கை வைக்கும் முன்னால் ஒரு கேள்வி: நான் செய்வதை அடுத்து வருகிறவர் பிடிக்கவில்லை என்றால் எடுத்துவிட முடியுமா? முடியும் என்றால் தயங்க வேண்டாம், நன்றாக அழுத்தி வைக்கலாம், நம் மூச்சுக்கு ஏற்ப வைக்கலாம். முடியாது என்றால் ஒருநாள் தள்ளிப் போடலாம். அந்த ஒரு நாளுக்கான கூலியை யார் கொடுப்பது என்பதையும் அன்றைக்கே பேசி முடித்துவிட வேண்டும்.